இருக்கைக்குத்தான் காவல்

அன்புள்ள செல்வம்,

நலம். முழங்கால் வலி எப்படி இருக்கிறது? டாக்டர் சொன்ன பயிற்சியை நாலு நாள் செய்துவிட்டு விட்டிருப்பாய், உன்னை எனக்குத் தெரியாதா. இங்கே சிங்கப்பூரில் பெரியவளுக்கு இது படிப்பின் கடைசி வருஷம். சின்னவன் தேசிய சேவைக்குப் போய்விட்டான். வாரக் கடைசியில் வந்து சாப்பிட்டுத் தூங்குவதைத் தவிர வீட்டில் அவனுக்கு வேறு வேலை இல்லை. தேக்காவில் நாம் சாப்பிடும் கடை இன்னும் இருக்கிறது. மீன் குழம்பில் துண்டுதான் வருஷத்துக்கு வருஷம் சிறுத்துக்கொண்டே போகிறது.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். விஸ்தாரா விமான நிறுவனத்தை ஏர் இந்தியாவோடு சேர்த்தபோது இந்த ஊர் அரசாங்கம் ஏதாவது கேட்டதா, இல்லை பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததா என்று எழுதியிருந்தாய். கேட்டது. அதுவும் நம் திருச்சி பேரைச் சொல்லியே கேட்டது.

கதை கொஞ்சம் சுற்று. விஸ்தாராவில் டாடாவுக்கு 51 விழுக்காடு, சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 49 விழுக்காடு. 2022 ஜனவரியில் ஏர் இந்தியா டாடா கைக்குத் திரும்பிப் போனது. அதே வருஷம் நவம்பரில் இரண்டையும் ஒன்றாக்கப்போவதாக அறிவித்தார்கள். இணைந்த ஏர் இந்தியாவில் சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 25.1 விழுக்காடு பங்கு. இந்தியாவின் போட்டி ஆணையம் 2023 செப்டம்பரில் சரி என்றது. இங்கே இதைப் பார்ப்பது போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம். அவர்கள் அவ்வளவு சுலபத்தில் தலையாட்டவில்லை. 2024 மார்ச்சில்தான், அதுவும் நிபந்தனையோடு, அனுமதி கொடுத்தார்கள். அந்த நவம்பர் 12-ஆம் தேதி இணைப்பு முடிந்து விஸ்தாரா என்ற பெயரே போய்விட்டது.

இங்கிருந்து விஸ்தாரா திருச்சிக்குப் பறந்ததே இல்லையே, அப்புறம் திருச்சிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று நீ கேட்பாய். நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். திருச்சிக்கு நாம் ஏறும் ஸ்கூட் யாருடையது? சிங்கப்பூர் ஏர்லைன்ஸுடையது. ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ்? ஏர் இந்தியாவுடையது. இப்போது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஏர் இந்தியாவில் பங்குதாரர். எதிரெதிரே இருக்கிற இரண்டு மளிகைக் கடையிலும் ஒரே ஆளுக்குப் பங்கு இருந்தால், ஒருவர் விலையை இறக்கி இன்னொருவர் வியாபாரத்தைக் கெடுப்பாரா? ஆணையத்தின் கவலை சுருக்கமாக இதுதான். அதனால் டெல்லி, மும்பை, சென்னை, திருச்சி என்று நாலு தடங்களைக் குறித்துக்கொண்டு, இவற்றில் கொவிட்டுக்கு முன்னால் இருந்த அளவுக்கு இருக்கைகளோடு விமானம் ஓட்டியே ஆக வேண்டும் என்று வாக்குறுதி வாங்கினார்கள். அதைக் கண்காணிக்கத் தனியாக ஒரு தணிக்கையாளரும் உண்டு.

டெல்லி, மும்பை பெரிய ஊர்கள், ஆள் கேட்பார்கள். கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் வந்த நம் பையன்கள் ஏறும் திருச்சித் தடத்தையும் யாரோ உட்கார்ந்து கணக்குப் பார்த்திருக்கிறார்கள் என்பதில் எனக்கு உண்மையாகவே திருப்தி.

ஆனால் வாங்கிய வாக்குறுதி இருக்கைக்கு, கட்டணத்துக்கு அல்ல. இதைத்தான் உனக்குச் சொல்ல நினைத்தேன். எங்கள் வேலையிடத்தில் பட்டுக்கோட்டைப் பையன் ஒருவன் இருக்கிறான். தீபாவளிக்கு முந்தின வாரம் ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் அவன் அப்பா தவறிவிட்டதாகச் சேதி வந்தது. நான்தான் அவன் போனை வாங்கி டிக்கெட் தேடினேன். அவனுக்குக் கை ஓடவில்லை. மறுநாள் திருச்சிக்கு ஓர் இடம் காட்டியது. கடப்பிதழ் எண்ணை அடித்து முடிப்பதற்குள் அது போய்விட்டது. அடுத்ததன் விலை அவன் மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல். கடைசியில் சென்னைக்கு ஏறி, அங்கிருந்து கார் பிடித்துப் போய்ச் சேர்ந்தான். மூத்த பிள்ளை என்பதால் எடுக்காமல் வைத்திருந்தார்கள்.

தணிக்கையாளர் அந்த வாரத்தைப் பார்த்தால் குறை சொல்ல ஒன்றும் இருந்திருக்காது. மலிவு இருக்கைகள் முதலில் விற்றுவிடும். முன்கூட்டியே திட்டம் போட முடிகிறவனுக்கு அவை கிடைக்கும். சாவுக்குப் போகிறவன் மிச்சத்தைத்தான் வாங்க வேண்டும். எந்த ஆணையம் வந்தாலும் இதை மாற்றாது. கூடுதலாக விமானம் விட்டால் மாறும். அதற்கு முதலில் இரண்டு அரசாங்கங்களும் விமானச் சேவை ஒப்பந்தத்தில் இடம் கொடுக்க வேண்டும். இப்போதைக்குத் திருச்சியில் நமக்குக் கொஞ்சம் தெம்பு இண்டிகோதான், அதில் இந்த இரண்டு பேருக்குமே பங்கு கிடையாது. அங்கே புது முனையம் வேறு 2024-இல் திறந்துவிட்டார்கள், இடமில்லை என்றும் சொல்ல முடியாது.

ஒன்று சொல்ல வேண்டும், ஆணையம் அவசரப்படுகிற ஆள் இல்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் மலேசியா ஏர்லைன்ஸும் கூட்டாக இயங்கக் கேட்ட விஷயம் 2019-இலிருந்து இழுத்து, 2025 ஜூலையில்தான், அதுவும் நிபந்தனையோடு முடிந்தது. அங்கே கவலை கோலாலம்பூர்த் தடத்தைப் பற்றி. அந்த ஊருக்காவது பேருந்து இருக்கிறது. நமக்குக் கடலைத் தாண்டினால்தான் ஊர்.

கீர்த்தனாவுக்குத் தை மாதம் கல்யாணம் என்று பேச்சு அடிபடுகிறதே, தேதி குறித்தாயிற்றா? பொங்கலை ஒட்டி வைத்தால் நாலு பேருக்கு டிக்கெட் போட்டே என் போனஸ் தீர்ந்துவிடும். மாதக் கடைசிக்குத் தள்ள முடியுமா என்று சம்பந்தி வீட்டில் பதமாகக் கேட்டுப் பார். கோடாலித் தைலம் எத்தனை பாட்டில் வேண்டும் என்று தங்கச்சியிடம் கேட்டு எழுது. போன தடவை வாங்கியதை அக்கம்பக்கத்தில் கொடுத்தே தீர்த்துவிட்டாளாம்.

அன்புடன்,
ராஜேந்திரன்