ரசச் சொம்பு காரீயம் அன்று

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை தங்கள் இதழில் சமையல் பாத்திரங்களைப் பற்றி வந்த கட்டுரை, ஈயச் சொம்பில் ரசம் வைப்பவர்கள் நாள்தோறும் காரீய நஞ்சை உட்கொள்கிறார்கள் என்று எச்சரித்திருந்தது. அதைப் படித்துவிட்டு எங்கள் தெருவிலேயே இரண்டு வீடுகளில் சொம்பைப் பரணில் ஏற்றிவிட்டார்கள். மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் காரீயம் செய்யும் கேடுகளாகக் கட்டுரையாளர் சொன்னவை உண்மைதான். ஆனால் ரசச் சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. அது வேறு தனிமம்.

பேச்சில் இரண்டையும் ஈயம் என்றே சொல்லிவிடுவதால் வந்த குழப்பம் இது. பண்டைய ரோமானியரும் ஈயத்துக்கான தங்கள் லத்தீன் சொல்லை வைத்து வெள்ளைப் பிளம்பம், கருப்புப் பிளம்பம் என்று நிறத்தை வைத்துத்தான் இவற்றைப் பிரித்தார்கள். தகரம் என்ற சொல் இன்னும் மோசம்: அகராதியில் வெள்ளீயத்தைக் குறிக்கும் அந்தச் சொல்லை நாம் கூரைக்குப் போடும் இரும்புத் தகட்டுக்குக் கொடுத்துவிட்டோம், அந்தத் தகட்டின் மேல் பூசியிருப்பதோ துத்தநாகம்.

வெள்ளீயத்தின் அணு எண் 50, காரீயத்தின் அணு எண் 82. தனிம வரிசை அட்டவணையின் 14ஆம் தொகுதியில் கார்பன், சிலிக்கன், ஜெர்மானியம் ஆகியவற்றுக்குக் கீழே இவை அடுத்தடுத்து இடம்பெறுகின்றன. கட்டுரையாளர் ஈயத்தை இரும்போடும் செம்போடும் சேர்த்து இடைநிலை உலோகம் என்று எழுதியிருப்பதும் பிழையே. அணுவில் எலக்ட்ரான்கள் இருக்கும் கூடுகளின் உட்பிரிவுகளைத் துணைக்கூடுகள் என்கிறோம்; இடைநிலை உலோகங்களில் டி துணைக்கூட்டு எலக்ட்ரான்களும் வேதிவினையில் ஈடுபடும். வெள்ளீய அணுவின் டி துணைக்கூடோ 10 எலக்ட்ரான்களால் முழுவதும் நிரம்பிவிட்டது. வேதிவினையில் ஈடுபடுபவை அதற்கு வெளியே எஸ் துணைக்கூட்டில் இரண்டும் பி துணைக்கூட்டில் இரண்டுமாக உள்ள நான்கு எலக்ட்ரான்கள் என்பதால், அது பி தொகுதி உலோகம். அந்த நான்கையும் இழந்த +4 நிலை வெள்ளீயத்துக்கு உறுதியானது. காரீயத்துக்கோ இரண்டை மட்டும் இழந்த +2 நிலையே உறுதியானது.

அட்டவணையில் வெள்ளீயத்துக்கு மேலே உள்ள ஜெர்மானியம் மின்சாரத்தை ஓரளவே கடத்தும் குறைக்கடத்தி, கீழே உள்ள காரீயம் முழு உலோகம். நடுவில் நிற்கும் வெள்ளீயத்திடம் இரு சாயலும் உண்டு. நாம் காணும் வெள்ளி நிற வடிவம், 13.2 டிகிரி செல்சியஸுக்குக் கீழே குறைக்கடத்தியான சாம்பல் நிற வடிவமாக மாறி, பருத்து, பொடியாக உதிரக்கூடியது. உதகையில் இருப்பவர்கள் பயப்பட வேண்டாம். கடுங்குளிர் நீடித்தால் ஒழிய அந்த மாற்றம் மிக மிக மெதுவாகவே நடக்கும்.

சமையலறைக்கு வேண்டியது வேறு இரண்டு பண்புகள். வெள்ளீயம் வலிய அமிலத்திலும் வலிய காரத்திலும் கரைந்தாலும், புளி, தக்காளி போன்றவற்றின் மெல்லிய அமிலம் அதை எளிதில் அரிப்பதில்லை. பித்தளைப் பாத்திரத்தைச் சுடவைத்து, நவச்சாரம் தூவி, உள்ளே ஈயம் பூசி வாங்குவது களிம்பு ஏறாமல் இருக்கத்தான். அடுத்தது, அதன் உருகுநிலை வெறும் 232 டிகிரி. சொம்பில் புளித்தண்ணீரை ஊற்றாமல் என் தாயார் அடுப்பைப் பற்றவைக்கவே விடமாட்டார். உள்ளே தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும்வரை சொம்பின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். வேதியியல் கற்பித்த நானோ ஒருநாள் காலிச் சொம்பை அடுப்பில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய்த் திரும்பினேன். அடிப்பாகம் பாதரசம்போல உருண்டு பர்னரில் வழிந்துகொண்டிருந்தது.

கட்டுரையாளர் எச்சரிக்க வேண்டியது கலப்படத்தைப் பற்றி. வெள்ளீயத்தைவிடக் காரீயம் பல மடங்கு மலிவு என்பதால், சொம்பிலும் பூச்சிலும் அதைக் கலப்பவர்கள் இருக்கிறார்கள். வெள்ளீயத்தின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 7.3 கிராம், காரீயத்தின் அடர்த்தி 11.3 கிராம். புதிதாக வாங்கிய சொம்பைத் தராசில் வைத்தேன், 584 கிராம். நூலில் கட்டித் தண்ணீருக்குள் முழுவதும் அமிழும்படி தொங்கவிட்டு நிறுத்தபோது 504 கிராம். குறைந்த 80 கிராம் என்பது சொம்பு விலக்கிய தண்ணீரின் எடை, அதாவது சொம்பின் கன அளவு 80 கன சென்டிமீட்டர். அந்த 80ஆல் 584ஐ வகுத்தால் வெள்ளீயத்தின் 7.3 வருகிறது. ஆனால் வீட்டுத் தராசு பெருங்கலப்படத்தைத்தான் காட்டிக்கொடுக்கும். நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு காரீயம் இருந்தால் அதில் தெரியாது, ஆனால் உடலுக்கு அதுவே அதிகம். அதற்குப் பரிசோதனைக் கூடத்தில் எக்ஸ் கதிர்க் கருவியால் பார்ப்பதுதான் வழி.

எனவே கட்டுரைக்குத் திருத்தம் வெளியிடுமாறும், இனி ஈயம் என்று பொதுவாக எழுதாமல் வெள்ளீயம், காரீயம் என்று பிரித்தே அச்சிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
கும்பகோணம்.