இரண்டு மாத்திரை அட்டைகள்

தர்மபுரி

அன்புள்ள கலா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. காரிமங்கலத்தில் அண்ணன் தோப்பில் மாங்காய் பறிப்பு, அங்கேயே இருந்துவிட்டேன். உன் நாத்தனாருக்கு மார்பகப் புற்றுநோய்க்கான டமாக்சிபென் மாத்திரை ஆரம்பித்திருக்கிறார்கள், ராத்திரியெல்லாம் தூங்காமல் அழுகிறாள் என்று எழுதியிருந்தாய். படித்ததும் வயிற்றைப் பிசைந்தது. அதே பாதையில் நானும் வந்தவள்தானே.

எனக்கும் முதல் வருஷம் அப்படித்தான். நடுராத்திரியில் திடீரென்று நெஞ்சிலிருந்து தலைவரை கொதிக்கும், தலையணை உறை நனைந்துவிடும். மார்பில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் போய்ச் சேரும் ஏற்பிகளை டமாக்சிபென் அடைத்துவிடுகிறது, அதுதான் அதன் வேலை. ஆனால் அதே ஏற்பிகள் மூளையிலும் இருக்கின்றன, உடம்புச் சூட்டைக் கவனிக்கும் ஹைப்போதலாமஸிலும்தான். அங்கேயும் தடை விழுவதால்தான் அந்தக் கொதிப்பு.

கேன்சருக்கு சேலத்தில் ஒரு டாக்டர், மனசுக்கு இங்கே ஒரு டாக்டர். இவர் மனச்சோர்வுக்கு ஃப்ளூவாக்செட்டின் எழுதினார். வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நரம்புகளுக்கு நடுவே செய்தி கடத்தும் செரோட்டோனின் என்ற பொருள் உடனே திரும்ப உறிஞ்சப்படாமல் அந்த மாத்திரை தடுக்கும். மூளையின் ஏற்பிகள் அதற்குப் பழக இரண்டு மூன்று வாரமாகும். எனக்கும் மூன்றாவது வாரம் அழுகை நின்றது. நிம்மதியாகத்தான் இருந்தேன்.

மெடிக்கலில் இருக்கும் பெண்தான் கண்டுபிடித்தாள். இரண்டு அட்டைகளையும் கண்ணாடி மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "அக்கா, ரெண்டும் ஒரே ஆளுக்கா?" என்றாள். டமாக்சிபென் வயிற்றுக்குள் போனதும் அப்படியே முழுசாக வேலை செய்வதில்லை. கல்லீரலில் சிஒய்பி2டி6 என்று ஒரு நொதி அதை எண்டாக்சிபென்னாக மாற்றினால்தான் முழு பலம். ஃப்ளூவாக்செட்டினும், அதே வகை மாத்திரையான பராக்செட்டினும் அந்த நொதியையே பலமாகத் தடுக்கின்றன. மனசுக்குத் தின்ற மாத்திரை மார்புக்கான மாத்திரையை அரைகுறையாக்கிவிடலாம் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. கை நடுங்கிவிட்டது, கலா.

கனடாவின் ஒன்டாரியோவில் 2,430 பெண்களைப் பார்த்து 2010இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். டமாக்சிபென்னோடு பராக்செட்டினை எவ்வளவு காலம் சேர்த்துச் சாப்பிட்டார்களோ, மார்பகப் புற்றுநோயால் இறப்பதும் அவ்வளவு கூடியிருந்தது. பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் இதை ஒத்துக்கொள்ளவில்லை. இருந்தாலும், வேறு நல்ல மருந்து இருக்கும்போது எதற்கு இந்த வம்பு?

இருக்கிறது. எனக்கு வென்லாஃபாக்சினுக்கு மாற்றினார்கள். அது அந்த நொதியை அவ்வளவாகத் தொடுவதில்லை, உடம்புக் கொதிப்பையும் குறைக்கும். எஸ்சிட்டலோபிராமும் சிலருக்குத் தருகிறார்கள்.

அதனால் நாத்தனாரை மனநல டாக்டரிடம் தாராளமாகக் கூட்டிப் போ, தள்ளிப்போடாதே. போகும்போது டமாக்சிபென் அட்டையைப் பையில் போட்டுக்கொண்டு போய் அவர் மேஜைமேல் வை. ஏற்கெனவே ஏதாவது மாத்திரை கொடுத்திருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். பராக்செட்டினைத் திடீரென்று விட்டால் தலைசுற்றும், அதைப் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

அப்புறம், ஒரு பெட்டி செந்தூரா பஸ்ஸில் போட்டுவிடுகிறேன். நாத்தனாருக்கு நானே போன் செய்யட்டுமா என்று அவளிடம் கேட்டு எழுது.

உன்,
சுமதி