மார்க் குறைந்தவர்களுக்கான படிப்பா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிளஸ் டூ முடிவுகள் வந்த வாரத்தில் உங்கள் நாளிதழோடு வந்த கல்வி வழிகாட்டி இணைப்பைப் படித்தேன். பொறியியல், மருத்துவம், சட்டம், வேளாண்மை, கால்நடை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம். கடைசிக்கு முந்தின பக்கத்தின் மூலையில், மதிப்பெண் குறைந்துவிட்டதே என்று பெற்றோர் கலங்க வேண்டாம், ஓட்டல் மேனேஜ்மென்ட், சுற்றுலா மாதிரி படிப்புகள் இருக்கவே இருக்கின்றன என்று ஒரு வரி. அந்தப் படிப்பில் என்ன சொல்லித் தருகிறார்கள், எங்கே சேரலாம் என்று ஒரு வார்த்தை கிடையாது. இருக்கவே இருக்கின்றனவாம், மழைக்கு ஒதுங்க யார் வீட்டுத் திண்ணையோ இருப்பது போல.

நான் விருந்தோம்பல் மற்றும் சுற்றுலா மேலாண்மையில் பட்டம் வாங்கி, ஏற்காட்டில் ஒரு விடுதியில் ஹவுஸ் கீப்பிங் பொறுப்பில், அதாவது அறைகளையும் விரிப்புகளையும் பராமரிக்கும் பொறுப்பில், இருக்கிறேன். பிளஸ் டூவில் வாங்கிய மதிப்பெண்ணை எழுதினால் பீற்றிக்கொள்வதாக இருக்கும், விட்டுவிடுகிறேன். உங்கள் கட்டுரையாளர் ஆறுதல் சொல்லும் அளவுக்கு அது மோசமில்லை.

உங்களுக்குத் தெரியாததில்லை. மத்திய, மாநில அரசுகளின் ஓட்டல் மேலாண்மைக் கல்லூரிகளில் மூன்றாண்டு பி.எஸ்சி. சேர என்சிஎச்எம் ஜேஇஇ என்று ஒரு நுழைவுத் தேர்வு இருக்கிறது. நீட்டை நடத்தும் அதே தேசியத் தேர்வு முகமைதான் இதையும் நடத்துகிறது. சென்னை தரமணியில் மத்திய அரசு நிறுவனம், திருச்சி துவாக்குடியில் மாநில அரசு நிறுவனம். நீட்டுக்கு வருடம் முழுக்கப் பக்கம் ஒதுக்குகிறீர்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. இதற்கு நாலு வரி ஒதுக்கினால் காகிதம் தீர்ந்துவிடுமா?

'ஓட்டல் படிப்பு' என்றால் தோசை சுடுவது, தட்டு எடுப்பது என்று நினைக்கிறார்கள். தோசையும் சுடத்தான் வேண்டும். அதோடு அந்தத் தோசைக்கு அடக்க விலை என்ன ஆனது, சமைத்ததை 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே எவ்வளவு நேரம் விட்டால் வயிற்றைக் கெடுக்கும், நேற்றிரவு விற்காமல் போன அறையை எந்தக் காலத்திலும் விற்க முடியாது என்பதால் வாடகையை எப்படி ஏற்றி இறக்குவது, எல்லாமே பாடம்தான். என் துறையில் துணிக்கணக்கு என்று ஒன்று உண்டு. பார் ஸ்டாக் என்போம். கட்டிலில் ஒரு செட், சலவையில் ஒரு செட், அலமாரியில் ஒரு செட் என்று அறைக்குக் குறைந்தது மூன்று செட் வேண்டும் என்பது புத்தகக் கணக்கு. ஐப்பசி, கார்த்திகையில் ஏற்காட்டுக்கு வந்து பாருங்கள். ஜன்னலைத் திறந்தால் பனிமூட்டம் அறைக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். காலையில் துவைத்த விரிப்பு மறுநாளும் ஈர வாடை அடிக்கும். மூன்று செட் எந்த மூலைக்கு? சலவைக்குச் சேலத்துக்கு அனுப்பினால் வண்டி 20 கொண்டை ஊசி வளைவையும் தாண்டித் திரும்ப வேண்டும். பதினொரு மணிக்குக் காலி செய்த அறையைப் பன்னிரண்டு மணிக்கு வருபவரிடம் கொடுக்க வேண்டும். இதை மண்டையில் போட்டு ஓட்டுவதற்குத்தான் மூன்று வருடம் படிக்கிறோம்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் பெஞ்சல் புயல் மழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண் சரிந்ததை நீங்கள் பெரிய படத்தோடு போட்டீர்கள். மண் அள்ளும் இயந்திரம், அதற்கு முன்னால் வரிசையாக அதிகாரிகள். சுற்றுலாப் பயணிகள் பத்திரமாக இருக்கிறார்கள் என்று கீழே ஒரு வரி. பத்திரமாக வைத்திருந்தது யார் என்று எழுதவில்லை. மலை தானாகவே பார்த்துக்கொண்டது போலிருக்கிறது.

நான் அப்போது மேலேதான் இருந்தேன். மின்சாரம் போய்விட்டது. ஜெனரேட்டரில் எவ்வளவு டீசல் கிடக்கிறது என்று குச்சி விட்டுப் பார்த்தோம். கீசர்களை நிறுத்திவிட்டு, தண்ணீர் மோட்டாருக்கும் கிச்சன் ஃபிரிட்ஜுக்கும் மட்டும் விட்டு விட்டு ஓட்டினோம். ஓர் அறையில் இன்சுலின் போட்டுக்கொள்ளும் பெரியவர் ஒருவர். அவருடைய மருந்தை டப்பாவில் போட்டு, அறை எண்ணை எழுதி ஒட்டி, வெண்ணெய் இருந்த தட்டில் வைத்தோம். ஃபிரீசர் பக்கம் தவறியும் வைக்காதீர்கள் என்று கிச்சன் பையன்களிடம் நூறு தடவை சொல்லியிருப்பேன். கீழேயிருந்து பால் வண்டி வரவில்லை. இருந்த பாலைக் குழந்தைகளுக்கு ஒதுக்கிவிட்டு மற்ற எல்லோருக்கும் வரக்காப்பி. "இவ்வளவு வாடகை வாங்கிக்கொண்டு பால் இல்லையா?" என்று ஒருவர் கத்தினார். சூடு தண்ணீரை வாளியில் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போன எங்கள் மலையாளிப் பெண்கள் (கேரளத்தவர் அல்ல, இந்த மலையின் பழங்குடியினர்), தங்கள் வீட்டுக் கூரை இருக்கிறதா என்றுகூடத் தெரியாமல்தான் அன்று வேலை பார்த்தார்கள். போக வேண்டியவர்கள் போக முடியாமல் கூடுதலாகத் தங்கிய இரவுக்கு வாடகை கேட்பதா வேண்டாமா என்று ஃப்ரண்ட் ஆபீசில் இருந்த பெண்ணுக்கு அழுகையே வந்துவிட்டது. அவளும் இந்தப் படிப்புதான். கடைசியில் பாதி வாங்கினோம். சரியா தப்பா என்று இன்றைக்கும் எங்களுக்குள் வாக்குவாதம் உண்டு.

அப்புறம் சுற்றுலா. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. அந்த மலைகள் எவ்வளவு பேரைத் தாங்கும் என்று ஆராய ஐ.ஐ.டி. மெட்ராசும் ஐ.ஐ.எம். பெங்களூரும் வந்தன. நீங்களும் பெரிய செய்தியாகப் போட்டீர்கள். ஒரு மலையில் எவ்வளவு தண்ணீர், எத்தனை படுக்கை, எவ்வளவு குப்பை, எத்தனை வண்டி நிற்க இடம் என்று பார்த்துக் கணக்குப் போடுவதற்குத் தாங்குதிறன் என்று பெயர். மார்க் குறைந்தவர்கள் சேரும் இந்தப் படிப்பில் அதற்கென்றே பாடம் இருக்கிறது. ஒரு சுற்றுலாத் தலம் எப்படி வளர்ந்து, நிரம்பி, பிறகு தேயும் என்று பட்லர் என்ற புவியியல் பேராசிரியர் 1980-லேயே ஒரு வளைகோடு போட்டுக் காட்டினார். அதில் ஏற்காடு எந்த இடத்தில் நிற்கிறது என்று எங்கள் வகுப்பில் சண்டையே வந்தது. கோடை விழா சமயத்தில் அடிவாரம் வழியாக ஏற்றி, குப்பனூர் வழியாக இறக்கிவிடும் வண்டி வரிசையில் ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தால் உங்களுக்கே விடை தெரிந்துவிடும். உங்கள் நிருபர் அண்ணா பூங்கா மலர்க் கண்காட்சியைப் படமெடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார். வருடா வருடம் அதே பூ, அதே கோணம், அதே 'ஏழைகளின் ஊட்டி'. மே மாதம் ஒரு சனிக்கிழமை அறை வாடகையை விசாரித்துவிட்டு அந்தத் தலைப்பை வைக்கலாமே.

கிளியூர் அருவிப் பாதையில் கிடக்கும் பாட்டில்களைப் பற்றி முன்பு ஒரு கடிதம் எழுதியிருந்தேன். நீங்கள் போடவில்லை. இடப் பற்றாக்குறை என்று புரிந்துகொண்டேன். அந்த வாரம் ராசிபலன் முழுப் பக்கம்.

படிப்பில் குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. எழுத வேண்டுமானால் அதை எழுதுங்கள். தொழிற்பயிற்சி என்று எங்களைச் சென்னையில் ஒரு பெரிய ஓட்டலுக்கு அனுப்பினார்கள். சமையல், பரிமாறல், ஹவுஸ் கீப்பிங், ஃப்ரண்ட் ஆபீஸ் என்று நான்கு துறையிலும் பயிற்சி எடுக்க வேண்டும் என்பது விதி. எனக்குக் கிடைத்தது பெரும்பாலும் விருந்து மண்டபத்தின் பின்கட்டு. வினிகர் கலந்த வெந்நீரில் முள்கரண்டியை முக்கி, விரல் ரேகை தெரியாமல் துணியால் துடைத்து அடுக்குவது. கல்யாண சீசன் முடியும்வரை அதேதான். ஆள் பற்றாக்குறைக்கு மாணவர்கள் கிடைத்தோம், அவ்வளவுதான். ஆனால் லாக் புக் என்னும் பயிற்சிக் குறிப்பேட்டில் நான்கு துறைக்கும் கையெழுத்து விழுந்துவிட்டது. எந்தக் கல்லூரி தன் பிள்ளைகளை எந்த மாதிரி இடத்துக்கு அனுப்புகிறது, உதவித்தொகை தருகிறார்களா, இரவு ஷிப்டுக்குப் பிறகு பெண் பிள்ளைகளுக்கு வண்டி உண்டா? பெற்றோருக்குத் தேவையான வழிகாட்டி இதுதான்.

வீட்டில் பட்டது தனி. ஜாதகம் கொண்டு வந்த தரகர், பெண் என்ன வேலை என்று கேட்டுவிட்டு அம்மாவிடம், "ஓட்டல்னு போட வேண்டாங்க அக்கா, பிரைவேட் கம்பெனினு போட்டுக்கலாம்" என்றார். அத்தை ஒருத்தர், "எம்புள்ள படிச்சிருந்தா இந்த மாதிரி ரூம் கூட்ட விடுவேனா?" என்று பந்தியில் வைத்தே சொன்னார். அதே அத்தைதான் பேரனுக்குக் காது குத்தினபோது என்னிடம் போன் பண்ணி, குறைந்த விலையில் நல்ல அறை கேட்டார். கொடுத்தேன். இவர்களிடம் பேசிப் பிரயோசனம் இல்லை, படித்தவர்கள் நடத்தும் பத்திரிகை அப்படி எழுதாது என்று இருந்தேன்.

இதில் வேடிக்கை, அதே இணைப்பின் பின் அட்டை முழுக்க வண்ணத்தில் ஓர் ஓட்டல் மேனேஜ்மென்ட் டிப்ளமோ விளம்பரம். கப்பலில் வேலை உறுதி, டாலரில் சம்பளம், தொப்பி போட்டுச் சிரிக்கும் ஒரு பையன். உள்ளே அந்தப் படிப்பு மிச்சம் மீதி. வெளியே அதே படிப்பு சொர்க்கம். இரண்டுக்கும் நீங்கள்தான் காகிதம் கொடுத்தீர்கள். அந்தப் பக்கத்துக்கு மேலே விளம்பரம் என்று பொடி எழுத்தில்கூட இல்லை.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. அடுத்த வாரத்தில் ஏதாவது ஒரு நாள், என்சிஎச்எம் ஜேஇஇ என்று ஒரு தேர்வு உண்டு, தரமணியிலும் துவாக்குடியிலும் அரசு நிறுவனங்கள் உண்டு என்று நாலு வரி போடுங்கள். அடுத்த வருட இணைப்பில் அந்த மாதிரிப் பக்கங்களுக்கு மேலே 'விளம்பரம்' என்று அச்சடியுங்கள்.

இந்தக் கடிதத்தைப் போடுவதாக இருந்தால் என் பெயர் வேண்டாம். எங்கள் விடுதி நிர்வாகமும் உங்கள் விளம்பரதாரர்தான்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
கோரிமேடு, சேலம்.