கீழடிக் குழிகளுக்குக் கூரை போடும்போது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கீழடியில் அகழாய்வுக் குழிகளின் மேலேயே திறந்தவெளி அருங்காட்சியகம் அமைக்கும் பணி தொடர்பாக எழுதுகிறேன். 2023 மார்ச்சில் கீழடியை அடுத்த கொந்தகையில் திறக்கப்பட்ட அருங்காட்சியகத்தில் பானை ஓடுகளையும் தாயக்கட்டைகளையும் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்துவிட்டோம். உறைமேல் உறையாக இறங்கும் கிணற்றையும் செங்கல் கட்டுமானத்தையும் அவை கிடந்த இடத்திலேயே, கிடந்த ஆழத்திலேயே நின்று பார்ப்பது வேறு. குழியின் ஓரச் சுவரில் நிறம் மாறிக்கொண்டே கீழிறங்கும் மண் அடுக்குகளும், அவற்றிலிருந்து பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஓடுகளுந்தாம் காலத்தின் கணக்கைச் சொல்பவை. அந்தச் சுவரை விளக்கப் பலகையாலோ பெருந்திரையாலோ மறைத்துவிட்டால், அங்கே வரைக்கும் போய்ப் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

ஒளியும் ஒலியும் வேண்டாம் என்பதன்று என் கருத்து. லண்டனில் 1954-இல் வெளிப்பட்ட ரோமானியர் காலத்து மித்ராஸ் என்னும் கடவுளின் கோயிலைப் பெயர்த்தெடுத்து வேறிடத்தில் கட்டிவைத்திருந்தார்கள். 2017-இல் அதை ஏறத்தாழ அதன் பழைய இடத்துக்கே, இன்றைய தெருவுக்கு 7 மீட்டர் கீழே, கொண்டுவந்தபோது, இல்லாமற்போன சுவர்களையும் தூண்களையும் மெல்லிய புகைமூட்டத்தில் பாய்ச்சும் ஒளியால் மட்டுமே எழுப்பிக் காட்டினார்கள். ஒளி அணைந்தால் மிஞ்சுவது அடித்தளம் மட்டுமே என்பதால், எது சான்று, எது ஊகம் என்பது யாரும் சொல்லாமலே விளங்கிவிடுகிறது. கீழடியிலும் நாம் ஊகிக்கும் வீட்டுக் கூரையும் தறியும் அப்படி ஒளியாகவே வந்து போகட்டும்; சிமெண்ட் சிலைகளைக் குழிக்குள் இறக்கிவிட வேண்டாம்.

ஈரம்தான் பெரிய கவலை. இங்கிலாந்தின் யார்க் நகரில், அகழாய்வு நடந்த இடத்திலேயே 1984-இல் திறக்கப்பட்ட வைக்கிங் அருங்காட்சியகத்துக்குள் 2015 டிசம்பரில் வெள்ளம் புகுந்தது. 2017 ஏப்ரலில்தான் அதை மீண்டும் திறக்க முடிந்தது. ஆதிச்சநல்லூரில் இருப்பதைப்போலக் குழிமேல் கண்ணாடித் தளம் போடுவதாக இருந்தால், அதன் அடியில் காற்றோட்டமும் வேண்டும். இல்லையேல் கண்ணாடி வியர்த்து, பாசி படர்ந்து, உப்புப் பூத்துச் செங்கல் பொடியத் தொடங்கும். கூரையில் விழும் மழைநீர் குழிப்பக்கம் திரும்பாமல் வெளியேறவும் வழி வேண்டும்.

ஏறத்தாழ 110 ஏக்கர் கொண்ட அந்தத் தொல்லியல் மேட்டில் இதுவரை தோண்டியது ஒரு சிறு பகுதிதான். தூண்களுக்கு அடித்தளக் குழி தோண்டும் ஒவ்வோர் இடத்திலும் இன்னும் படிக்கப்படாத அடுக்குகள் இருக்கக்கூடும். ஆகவே அந்த வேலை தொல்லியலாளர் முன்னிலையில் மட்டுமே நடைபெற வேண்டும் என்றும், தூண்கள் ஊன்றும் இடங்களின் வரைபடத்தையும் வடிகால் திட்டத்தையும் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்றும் மாநிலத் தொல்லியல் துறையைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், மதுரை