மாடி வாடகைக்கு எழுத்து ஒப்பந்தம் அவசியம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டுக் கடன் தவணையை ஈடுகட்ட மாடிப் போர்ஷனை வாடகைக்கு விடும் நடுத்தரக் குடும்பங்கள் சென்னைப் புறநகரில் ஏராளம். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும் என்று, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழகச் சட்டம் கூறியும், பலர் இன்னமும் வாய்ப்பேச்சிலேயே விடுகின்றனர். பிறகு மோட்டார் போடும் நேரம், சப்மீட்டரில் யூனிட்டுக்கு எவ்வளவு, காலி செய்யும்போது வெள்ளையடிப்பது யார் செலவு என்று தகராறு மூள்கிறது. வேறு உடன்பாடு இல்லையேல் முன்பணம் மூன்று மாத வாடகைதான் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. சொத்து வரி போக மீதி வாடகையில் 30 சதவீதம் வருமான வரிக் கழிவு கிடைப்பதால், வாடகை வருமானத்தைக் கணக்கில் காட்ட உரிமையாளர்கள் தயங்க வேண்டியதில்லை. பதிவு முறையை விளக்க வார்டுதோறும் முகாம் நடத்துமாறு அரசை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், தாம்பரம்