ரீவி முரலுது என்று எழுதியிருந்தாய்

கிளிநொச்சி
ஆவணி

அன்பின் மச்சானுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே சோளகம் இன்னும் ஓய்ந்தபாடில்லை. கிணற்றில் தண்ணீர் அடியில் கிடக்கு, வளவு நிலம் பாளம் பாளமாக வெடித்துப்போய் இருக்கு. மல்லாவியிலும் அதே கதை என்று எழுதியிருந்தாய். உன்ரை ரீவி முரலுறதுக்கும் இந்த வறட்சிக்கும் தொடர்பு இருக்கலாம், சிரிக்காமல் கடைசிவரை வாசி.

உன்ரை வீட்டில் 32 இஞ்சி எல்ஈடி ரீவி, டிஷ் பெட்டி, பிள்ளைகள் வாங்கித் தந்த ஹோம் தியேட்டர். மெல்லிசாக ‘ம்ம்’ என்று ஒரு சத்தம், பொழுதுபட்டால் கூடுது. பார்த்தவர் போர்ட் மாற்றவேணும் என்கிறார். மாற்றாதே, பொறு. இந்த மாதிரிச் சத்தத்தில் பெரும்பங்கு ரீவிக்கு வெளியேதான் பிறக்கும். பின்மூடியைக் கழற்றுவது கடைசி வேலை.

சத்தம் ஸ்பீக்கரால் வருதா, பெட்டியால் வருதா என்பதுதான் முதல் கேள்வி. றிமோட்டில் வோல்யூமைப் பூச்சியம் ஆக்கு. சத்தமும் சேர்ந்து குறைந்தால், அது வோல்யூமுக்கு முன்னாலேயே ஒலியோடு கலந்து வருகிறது. வெளியிலிருந்து வரும் வயர்களைத்தான் சந்தேகப்படவேணும். பூச்சியத்திலும் அதே அளவில் ஸ்பீக்கரில் கேட்டால் அம்பிளிபயர் பகுதி, இல்லாவிட்டால் அதற்குக் கரண்ட் கொடுக்கும் பகுதி. ரீவி ஸ்பீக்கரை மெனுவில் நிற்பாட்டி, ஹோம் தியேட்டர் பிளக்கையும் கழற்றின பிறகும் கேட்டால், ஏதோ ஒரு கொயிலோ ட்ரான்ஸ்போமரோ உண்மையாகவே அதிருது. பத்திரிகைத் தாளைக் குழாயாகச் சுருட்டிக் காதில் வைத்து, ரீவியின் பின்பக்கக் காற்றுத் துவாரங்கள் வழியே இடம் இடமாகக் கேள். பக்கத்தில் ஸ்டெபிலைசர் இருந்தால் அதையும் மறக்காமல் கேள். ‘ரீவி சத்தம்’ என்று கொண்டுவரும் கேஸில் பாதி, அதற்குக் கீழே இருக்கும் ஸ்டெபிலைசரின் சத்தம்தான்.

அடுத்தது சுருதி. நம்முடைய கரண்ட் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். கைபேசியில் ஒலியைப் பிரித்து வரைபடமாகக் காட்டும் இலவசச் செயலிகள் இருக்கு, பேரப்பிள்ளையைக் கொண்டு ஒன்றை ஏற்று. 50, 150, 250 என்று ஒற்றை மடங்குகள் எழும்பினால் கரண்ட் லைன் நேரே உள்ளே நுழையுது: எர்த் வளையம் (இரண்டு எர்த் வயர்கள் வழியே இணைந்து ஒரு சுற்றாவது), கழன்ற கேபிள் உறை (உள் வயரைச் சுற்றியிருக்கும் உலோக வெளிப்பின்னல்), இப்படி. 100, 200, 300 மட்டும் எழும்பினால் றெக்ரிபயருக்கு (ஏசியை டிசியாக்கும் பகுதி) பிறகு வரும் அலைவு, இல்லாவிட்டால் ட்ரான்ஸ்போமரின் நடுவில் இருக்கும் இரும்பு அகடு அதிருது. அகடு ஒரு சுற்றுக்கு இரண்டு தரம் விரிந்து சுருங்கும், அதனால்தான் அதுவும் 100. கைபேசி மைக்குக்கு 50 சரியாகக் கேளாது. 50 இல் கோடு இல்லை என்று முடிவெடுக்காமல் 150 ஐப் பார்.

பிறகு எல்லா வயரையும் கழற்று. டிஷ் கேபிள், எச்டிஎம்ஐ, ஹோம் தியேட்டர் வயர், யூஎஸ்பி, ஒன்றும் மிஞ்சக்கூடாது. கரண்ட் வயர் மட்டும். சத்தம் நின்றால் ரீவி சுகம். ஒவ்வொன்றாகக் கொழுவி, எதைக் கொழுவச் சத்தம் வருகுது என்று பார். டிஷ் கேபிளின் வெளிப்பின்னல் டிஷ் பெட்டியின் உடம்பைத் தொட்டவுடனேயே, முறுக்க முன்னரே, முரல் வந்தால் எர்த் வளையம்தான், வேறு யோசனை வேண்டாம்.

இந்த இடத்தில்தான் வறட்சி வருது. உன்ரை டிஷ் இரும்புத் தூணில், தூண் மண்ணில். அது ஒரு எர்த். ஹோம் தியேட்டருக்கு மூன்று பின் பிளக், அது வீட்டு எர்த் கம்பிக்குப் போகுது. அது இன்னொரு எர்த். இரண்டையும் கேபிள் உறையும் எச்டிஎம்ஐயும் ஒலி வயரும் ரீவி வழியாக இணைக்குது. மண் ஈரமாக இருக்கும்போது இரண்டும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கும். ஆடி, ஆவணியில் எர்த் கம்பியைச் சுற்றின மண் காய்ந்து தடை 200 ஓமுக்கு ஏறிவிட்டது என்று வை. பிறிட்ஜ், தண்ணி மோட்டர் எல்லாவற்றின் கசிவும் சேர்ந்து 10 மில்லி அம்பியர் என்றால், வீட்டு எர்த் 2 வோல்ட் உயர்ந்து நிற்கும். ட்ரிப் சுவிட்ச் 30 மில்லி அம்பியருக்குத்தான் விழும், அதனால் அது பேசாமல் இருக்கும். அந்த 2 வோல்ட் கேபிள் உறை வழியே ஓட்டும் சின்னக் கரண்ட், ஒலி வயரின் வெளிப்பின்னலில் சில மில்லி வோல்ட்டை விட்டுவிடும். ஒலியே சில நூறு மில்லி வோல்ட்தான். காதுக்கு அது போதும். மோட்டர் ஓடும்போது சத்தம் கூடுதா என்று பார், கூடினால் இதுதான்.

மல்ரிமீற்றர் இருந்தால் பிளக் பொயின்ற்றில் அளந்து பார்க்கலாம், ஆனால் ஏசி வோல்ட்டில் வைத்து, காப்புள்ள முனையால், தெரிந்த ஒருவரைக் கொண்டு. லைவுக்கும் நியூற்றலுக்கும் 230 பக்கம். லைவுக்கும் எர்த்துக்கும் கிட்டத்தட்ட அதே அளவு. நியூற்றலுக்கும் எர்த்துக்கும் ஓரிரு வோல்ட். கடைசியது 20, 30 என்று காட்டினால் எர்த் அறுந்திருக்கு அல்லது நியூற்றல் எங்கேயோ தளர்ந்திருக்கு. ரீவியை விடு, வயறிங் வேலை தெரிந்தவரைக் கூப்பிடு. லைவுக்கும் எர்த்துக்கும் இடையில் குண்டு பல்ப் பிடித்துப் பார்க்கிற பழைய வழி வேண்டாம், ட்ரிப் விழும்.

திருத்தும் வழி பல. செலவில்லாதது: ரீவி, டிஷ் பெட்டி, ஹோம் தியேட்டர் மூன்றையும் ஒரே சுவர்ப் பொயின்ற்றில், ஒரே பலகையில் கொழுவு. அடுத்தது, ரீவியில் ஒளிவழி ஒலித் துவாரம், அந்தச் சின்னச் சதுரம், இருந்தால் ஒப்டிக்கல் கேபிள் போடு. அதில் செம்பே இல்லை, வளையம் அந்த இடத்திலேயே அறுந்துபோகும். அது இல்லாவிட்டால் 3.5 மில்லிமீற்றர் ஒலி வயருக்கு நடுவில் போடும் ஐசொலேட்டர், உள்ளே ஒன்றுக்கு ஒன்று சின்ன ட்ரான்ஸ்போமர் இரண்டு இருக்கும். அன்ரெனா கேபிளுக்கும் ஐசொலேட்டர் வருது, ஆனால் டிஷ் கேபிளில் அதைப் போடாதே. பெட்டி அந்த வயராலேயே டிஷ் தலைக்கு 13, 18 வோல்ட் அனுப்புது. ஐசொலேட்டர் அதைத் தடுத்தால் படமே வராது. நிரந்தரமான வழி, டிஷ் தூணை 4 சதுர மில்லிமீற்றர் பச்சை-மஞ்சள் செம்பு வயரால் வீட்டு எர்த்தோடு இணைப்பது, எர்த் கம்பியைக் குளியலறைத் தண்ணீர் போகும் பக்கம் ஈரத்தில் இறக்குவது. அதுவரைக்கும் எர்த் கம்பி அடியில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிப் பார். சத்தம் குறைந்தால் நோய் பிடிபட்டது.

எர்த் பின்னை முறிக்கவோ ரேப் சுற்றவோ சொல்லி ஆராவது வந்தால் கேளாதே. சத்தம் உடனே நிற்கும், அது உண்மை. ஆனால் ஹோம் தியேட்டருக்குள் ஒரு வயர் தொட்டால், பிறகு அதன் முழு உடம்பும், டிஷ் கேபிளும் 230 இல் நிற்கக்கூடும். இரண்டு பின் பிளக்கை 13 அம்பியர் பொயின்ற்றில் குச்சியால் எர்த் மூடியைத் தள்ளிச் செருகிற பழக்கமும் அப்படித்தான். தளர்ந்த தொடுகையில் பொறி பறந்து ‘சரசர’ என்று ஒரு சத்தம் வரும், அதை முரல் என்று சொல்லுவார்கள். ஒழுங்கான அடாப்டர் வாங்கு.

மாங்குளம், முறிகண்டிப் பக்கம் இருக்கும் உன் மச்சினனுக்கும் இதே பிரச்சினை என்றாய், அவரிடம் சாதாரண அன்ரெனா. அங்கே கதை வேறு. கொக்காவில் ஒளிபரப்புக் கோபுரம் 174 மீற்றர், 2011 இல் திறந்தது, அவருக்குக் கண்ணுக்கு முன்னால் நிற்குது. அவ்வளவு கிட்ட, அலையைப் பெருக்கும் பூஸ்ரர் எதற்கு? அலை கூடிப்போய், சனல் பிடிக்கும் ரியூனர் திணறினால், திரையில் வெள்ளை எழுத்து வரும்போதெல்லாம் ஸ்பீக்கரில் ‘பர்ர்’ என்று வரும். எழுத்து மறைந்தால் நிற்கும். பூஸ்ரரைக் கழற்றச் சொல். பூஸ்ரரே தேவைப்படும் தூரம் என்றால் அதன் 12 வோல்ட் அடாப்டரைப் பார்க்கவேணும். உள்ளே கரண்டைச் சேமித்து அலைவைச் சமப்படுத்தும் 1000 மைக்ரோபரட் கப்பாசிற்றர் காய்ந்தால் படத்தில் குறுக்கே மங்கல் பட்டை மெல்ல ஏறும். ஒரு பட்டை என்றால் 50 ஹேர்ட்ஸ், இரண்டு பட்டை என்றால் 100.

ஸ்டெபிலைசர் பற்றி ஒரு வார்த்தை. ரீவியின் பின்னால் 100–240 வோல்ட் என்று அடித்திருந்தால், குறைந்த வோல்ட்டுக்கு அது தேவையில்லை. நியூற்றல் அறுந்து வோல்ட் ஏறுவதற்குப் பயமென்றால், கூடினாலும் குறைந்தாலும் வெட்டிவிடும் பாதுகாப்புக் கருவி போதும். சோலரோடு வரும் மலிந்த இன்வேர்ட்டர்கள் சதுர அலைதான் தரும். அதில் ஓடும்போது மட்டும் முரலினால் ரீவியில் குறை இல்லை.

வயர் எல்லாம் கழற்றியும் பெட்டிக்குள்ளேயே சத்தம் இருந்தால், மெனுவில் பக்லைற்றை (திரைக்குப் பின்னால் எரியும் வெளிச்சம்) 100 க்கு ஏற்று. பல ரீவிகள் வெளிச்சத்தைக் குறைக்க எல்ஈடியை நொடிக்குச் சில நூறு தரம் அணைத்து அணைத்துக் கொளுத்தும். அந்தத் தாளத்தில் கொயில் பாடும். முழு வெளிச்சத்தில் சத்தம் நின்றால் அதுதான் காரணம், ஆபத்தில்லை. வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துப் பார்க்கலாம். கொயிலை அமர்த்தத்தான் வேணும் என்றால் வார்னிஷ், இல்லாவிட்டால் வினாகிரி மணக்காத சிலிக்கன். மணக்கிறது செம்பை அரிக்கும். ரீவி மேசை பலகை அதிர்ந்து சத்தத்தைப் பெருப்பிக்குதா என்றும் பார். சைக்கிள் ரியூப்பை வெட்டி மடித்துக் கால்களுக்குக் கீழே வைத்தால் தீரும்.

இதெல்லாம் தாண்டியும் பொழுதுபட்டால் மட்டும் 100 ஹேர்ட்ஸில் முரல் கூடினால்தான் கப்பாசிற்றரைச் சந்தேகப்படுவேன். கரண்ட் லைன் கடைசி வீடுகளில் ஆறு மணியிலிருந்து ஒன்பது மணிவரை வோல்ட் விழும். றெக்ரிபயருக்குப் பிறகு வழக்கமாக 325 வோல்ட் டிசி நிற்கவேணும். அதைத் தாங்கும் பெரிய கப்பாசிற்றர், அநேகமாக 68 இலிருந்து 150 மைக்ரோபரட்வரை, 400 அல்லது 450 வோல்ட், வெக்கையில் காய்ந்துபோனால் வோல்ட் விழும் நேரத்தில் அலைவின் அடி மிகத் தாழ்ந்து, பின்னால் உள்ள கட்டுப்பாடு சமாளிக்கமாட்டாது. பலர் 12 வோல்ட் பக்கத்துச் சின்னக் கப்பாசிற்றர்களை மாற்றிவிட்டு ஏமாறுவார்கள். அவை காய்ந்தால் ரீவி தொடங்க மாட்டாது, அல்லது கீச்சிடும். அடித்தொனி முரல் அவற்றால் வருவது குறைவு.

மாற்றுகிறவரிடம் சொல்லவேண்டியது: அதே மைக்ரோபரட், அதே வோல்ட் அல்லது ஒரு படி மேல், 105 பாகை வெப்பம் தாங்குவது, உயரம் மூடிக்குள் அடங்கவேணும், கோடுள்ள பக்கம் மைனஸ். பிளக் கழற்றின பிறகும் அது சேமித்து வைத்திருக்கும். ஸ்குறூ ட்றைவரால் குறுக்கே தட்டாமல், 10 கிலோ ஓம் 5 வாற் றெசிஸ்ரரைப் பத்து விநாடி பிடித்து இறக்கி, மீற்றரில் பூச்சியம் கண்ட பிறகுதான் கை வைக்கவேணும். நீயாகச் செய்யாதே. பழைய பெட்டி ரீவி என்றால் மூடியைக்கூடத் தொடாதே, படக்குழாயில் 20,000 வோல்ட்டுக்கு மேல் நிற்கும்.

இன்னும் ஒன்று, ஐப்பசி இடி தொடங்க முன் டிஷ் கேபிளைக் கையால் கழற்றக்கூடிய மாதிரி வை.

அடுத்த கடிதத்தில் எனக்கு இவ்வளவும் எழுது: வோல்யூம் பூச்சியத்தில் கேட்குதா, டிஷ் கேபிள் கழற்றினால் நிற்குதா, பக்லைற் 100 இல் என்ன நடக்குது, காலையிலும் இரவு எட்டு மணிக்கும் பிளக் பொயின்ற்றில் எத்தனை வோல்ட். அது தெரிந்தால் கப்பாசிற்றரா கேபிளா என்று இங்கிருந்தே சொல்லுவேன். கப்பாசிற்றர் என்றால் அதன் மேல் அடித்திருக்கும் இலக்கத்தையும் எழுது, டவுனில் பார்த்து எடுத்து பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன்.

வீட்டில் எல்லாரையும் கேட்டதாகச் சொல்.

இப்படிக்கு,
உன் பழைய கூட்டாளி