செம்பாவைத் தேடித்தந்த அனைவருக்கும்

நியூ ஜெர்சியின் பிஸ்கேட்டவே, எடிசன், ஹைலண்ட் பார்க் பகுதிகளில் வாழும் நண்பர்களுக்கு வணக்கம்.

காணாமற்போன எங்கள் நாய் செம்பா வீடு திரும்பிவிட்டாள். முட்கீறல்களும் உண்ணிக்கடியும் தவிர வேறு கேடு எதுவும் இல்லை என்று கால்நடை மருத்துவர் சொல்லிவிட்டார். நடந்தவை உங்கள் எல்லோருக்கும் தெரியும்; அவற்றைத் திரும்ப எழுதும் தெம்பு எனக்கு இன்னும் வரவில்லை. நன்றியை மட்டுமாவது, மனம் நிறைந்திருக்கும் இந்த வேளையிலேயே எழுதிவிட விரும்புகிறேன்.

சுவரொட்டி அச்சடித்துக் கொடுத்தவர்கள், வேலைக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்திப் புதர்களில் பார்த்தவர்கள், ட்ரோன் பறக்கவிட்டுக் கூலி வாங்க மறுத்த இளைஞர், எங்கள் பிள்ளைகளுக்கு வேளை தவறாமல் சோறு போட்ட அக்காமார்கள், தகவல் கிடைத்த ஒவ்வொரு முறையும் பொறுமையாகத் தொலைபேசியில் அழைத்த ரட்கர்ஸ் பல்கலைக்கழக வளாகக் காவலர்கள் எனப் பலருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. தனித்தனியாக வந்து நன்றி சொல்வோம்.

ஆனால் ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாக எழுதியே ஆக வேண்டும். பெயரைக் குறிப்பிட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால், பெரியவர் என்றே எழுதுகிறேன். அவர் நியூ பிரன்ஸ்விக்கில் வாழும் ஹங்கேரியர். எண்பதை நெருங்கும் அவர், செம்பா விஸ்லா என்ற ஹங்கேரிய வேட்டைநாய் இனம் என்பதைச் சுவரொட்டியில் பார்த்துவிட்டு, முன்பின் அறியாத எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். அவர் முதலில் கேட்டது, நான் உடுத்தித் துவைக்காத சட்டை ஒன்று. அடுத்து, காட்டுக்குள் பெயர் சொல்லிக் கூவிக்கொண்டிருந்த அத்தனை பேரையும் வெளியே வந்துவிடும்படி கேட்டுக்கொண்டார். பயந்துபோன நாய் தன்னை வளர்த்தவர்களின் குரலைக் கேட்டாலும் ஓடும் என்றும், துரத்தத் துரத்தத் தொலைவுக்குப் போகும் என்றும், ஆனால் விஸ்லாவால் மனித வாடை இல்லாமல் நெடுநேரம் இருக்க முடியாது என்றும் அவர் விளக்கியபோது, தேடாமல் இருப்பதும் ஒரு தேடல்தான் என்பதை ஏற்க என் மனம் மறுத்தது. அவர் வற்புறுத்தவில்லை. பல்கலைக்கழகத்தின் லிவிங்ஸ்டன் வளாகத்தை ஒட்டிய அந்தக் காட்டின் ஓரத்தில், செம்பா கடைசியாகத் தென்பட்ட இடத்தில், சட்டையைத் தரையில் விரித்துவிட்டு மடக்கு நாற்காலியில் அமர்ந்துகொண்டார்.

அவர் தனியாக வரவில்லை. முகமெல்லாம் நரைத்து, இடுப்பு தளர்ந்துவிட்ட தம்முடைய கிழ விஸ்லாவையும் தூக்கி வந்திருந்தார். இந்த இன நாய்களுக்குக் குட்டை மயிர் மட்டுமே உண்டு. உள்மயிர் இல்லாததால் குளிர் தாங்காது. செம்பாவைப் பற்றி நாங்கள் அஞ்சியதற்கும் அதுவே காரணம். அந்த முதிய நாயைத் தம் கோட்டுக்குள் அணைத்தபடி அவர் விடியும்வரை இருந்தார். தன் இனத்து நாய் ஒன்று அமைதியாகப் படுத்திருப்பதைக் கண்டால் ஓடும் நாய்க்கு அச்சம் தணியும் என்பது அவர் கணிப்பு. அவர் தந்த சூப்பைக் குடித்துக்கொண்டு நானும் பக்கத்தில் இருந்தேன்.

அப்போதுதான் அவர் தம் கதையைச் சொன்னார். 1956 நவம்பரில் சோவியத் படைகள் ஹங்கேரிய மக்களின் எழுச்சியை நசுக்கிய பிறகு நாட்டை விட்டு வெளியேறிய சுமார் 2,00,000 ஹங்கேரியர்களில் அவருடைய குடும்பமும் ஒன்று. இரவில் ஆஸ்திரிய எல்லையைக் கடக்கும்போது நாய் ஒருமுறை குரைத்தாலும் எல்லோரும் பிடிபடுவார்கள் என்பதால், வீட்டு விஸ்லாவைத் தாத்தாவிடமே விட்டுவிட்டு வந்தார்கள். அமெரிக்காவில் அவர்களை முதலில் தங்கவைத்த இடம் கில்மர் முகாம். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அகதிகள் கடந்துபோன அந்த முகாமின் நிலத்தில்தான் இன்றைய லிவிங்ஸ்டன் வளாகம் நிற்கிறது. நாங்கள் காத்திருந்த இடத்துக்கு அருகிலேயே, சிறுவனாக அவர் இந்த நாட்டில் முதல் இரவுகளைக் கழித்திருக்கிறார்.

விஸ்லா அமெரிக்காவுக்கு வந்த வரலாற்றைச் சொல்பவர்கள், 1950-இல் கன்சாஸ் நகரத்தின் ஃபிராங்க் டால்மனிடம் வந்து சேர்ந்த சாரி என்ற பெண் நாயையும் அதன் இரு குட்டிகளையும் கொண்டு தொடங்குவது வழக்கம். நாய் இனங்களைப் பதிவுசெய்யும் அமெரிக்கன் கென்னல் கிளப் அந்த இனத்தை ஏற்றது 1960-இல். அந்த வரலாற்றில் நாட்டை இழந்து வந்தவர்களின் பங்கை இன்னும் உரத்துச் சொல்ல வேண்டும் என்று நான் கருதுகிறேன். இரண்டாம் உலகப் போரின் முடிவில் ஹங்கேரியிலேயே விஸ்லா அழிவின் விளிம்புக்குப் போயிருந்தது. நிலவுடைமைக் குடும்பங்களின் வேட்டைநாயாக இருந்ததால், அந்தக் குடும்பங்கள் சிதறியபோது நாய்களும் சிதறின. அமெரிக்காவில் குடியேறிய பேலா ஹாடிக் பிரபு, தம் குலப்பட்டமான ஃபுதகி என்ற பெயரிலேயே இங்கே விஸ்லாக்களை வளர்த்தார். அவருடைய ஃபுதகி தாரோத்ஸ் என்ற ஆண் நாயின் வழி வந்தவை இந்நாட்டில் ஏராளம். பெரியவரின் தந்தை எந்தப் பட்டமும் இல்லாத தச்சர். அவரும் இங்கே கையில் காசு சேர்ந்ததும் முதலில் வாங்கியது ஒரு விஸ்லாக் குட்டியைத்தான். அதை அடிக்காமல், அதட்டாமல், கட்டிப்போடாமல் பழக்கும் முறையை அக்கம்பக்கத்து அமெரிக்கர்களுக்கும் கற்றுக்கொடுத்திருக்கிறார். குட்டிகளைக் கப்பலிலோ விமானத்திலோ யார் வேண்டுமானாலும் வரவழைக்கலாம். அவற்றின் மனம் எப்படி இயங்கும் என்ற அறிவு அகதிகளின் கூடவே வந்தது. அந்த அறிவுதான் செம்பாவை எங்களுக்கு மீட்டுத் தந்தது.

கிழக்கு வெளுக்கும் நேரத்தில் செம்பா மரங்களுக்கிடையே தெரிந்தாள். எழப்போன என் தோளைப் பெரியவர் அழுத்தி, பக்கவாட்டில் திரும்பி உட்காரவும், அவள் கண்ணைப் பாராமல் இருக்கவும் சைகை செய்தார். அவள் முதலில் சென்றது அந்த முதிய நாயிடம், பிறகு சட்டையிடம், பிறகு என் மடிக்கு வந்தாள். பெரியவர் அழுதார். தாத்தாவிடம் விட்டுவந்த அந்த நாய் என்ன ஆயிற்று என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஐயா, இம்மடலை உங்கள் முன் அமர்ந்து வரி வரியாக ஆங்கிலத்தில் சொல்வேன். உங்கள் தந்தையிடமிருந்து நீங்கள் கற்றவற்றை வாரந்தோறும் வந்து கேட்டு எழுதி வைக்க எனக்கு அனுமதி தர வேண்டும். நண்பர்களே, இனி இப்பகுதியில் எவருடைய நாய் காணாமற்போனாலும், எந்த நேரமானாலும் தயங்காமல் என்னை அழையுங்கள். மடக்கு நாற்காலியுடன் வந்து உட்காருவேன். கம்பங்களில் ஒட்டிய சுவரொட்டிகளை வரும் சனிக்கிழமை காலை நாங்களே அகற்றிவிடுகிறோம். விடுபட்டவை கண்ணில் பட்டால் தெரிவியுங்கள்.